மேட்டு கேட்டில் முதல் கியர்

முதலில் அநியாயம் செய்தவர் கோமதிநாயகம்தான். இதைப் பின்னால் யாரும் மாற்றிப் பேசிவிடக் கூடாது என்பதில் ஆவுடையப்பன் கண்டிப்பாக இருந்தார். சம்பந்தி என்று ஆகி ஒரு பொழுதுகூட முடியவில்லை, நிச்சயத்துக்கு வெற்றிலைத் தட்டு மாற்றிய கையில் சந்தனம் காயவில்லை, அதற்குள் அந்த மனுஷன் கோவிலுக்குப் போய்விட்டு வருவோம் என்று தன்னுடைய புது வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து இறங்கும்போது, இரண்டு வீட்டு ஜனமும் நிற்கிற வாசலில் வைத்து, "கதவ மெள்ளச் சாத்துங்க சம்பந்தி, இது மாவு மில் ஷட்டர் இல்ல" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சேர்ந்து சிரித்தார், அதுதான் இன்றுவரை ஆறவில்லை. அன்றைக்கு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த வார்த்தை அங்கேயே செத்திருக்கும். சிரித்துத் தொலைத்ததால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மாவு மில் வைத்திருப்பது பொய்யில்லை. ஷட்டரை ஓங்கி இழுத்துச் சாத்துவதும் பொய்யில்லை. ஆனால் கதவு என்றால் சாத்தினது சாத்தினதாகத் தெரிய வேண்டாமா? அரைகுறையாகச் சாத்திய கதவு போகிற போக்கில் திறந்து, ஆள் ரோட்டில் விழுந்தால் யார் பொறுப்பு? நியாயப்படி பார்த்தால் அந்த ஆள் நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும். நன்றிகூட வேண்டாம். 'அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு சம்பந்தி' என்று ஒரு வார்த்தை. கல்யாணத்தில் சொல்வார் என்று பார்த்தார், சொல்லவில்லை. தலைதீபாவளிக்குச் சொல்வார் என்று பார்த்தார், இரண்டாம் தடவை வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே தவிர அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "அண்ணாச்சி, பிரேக்க இவ்வளவு அழுத்தி மிதிக்காதீய, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, வண்டி எங்கயும் போவாது" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த டிரைவிங் ஸ்கூல் ஜெபராஜ். ஆவுடையப்பன் கீழே பார்த்தார். வலது கால் பிரேக்கை ஏதோ பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. ஹேண்ட் பிரேக் என்பது ஒரு கம்பி. கம்பியை நம்பி மேட்டில் நிற்க அவர் என்ன பைத்தியமா?

சங்கரன்கோவிலுக்கு வெளியே தண்டவாளத்தைப் பார்த்து ரோடு ஏறுகிற இடம் அது. மேட்டு கேட் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் கார் ஏறி வரவும் கேட் மூடவும் சரியாக இருந்ததால், கேட் கம்பிக்கு முன்னால் முதல் வண்டியாக ஆவுடையப்பன் நின்றார். முன்னால் இரும்புக் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கும் அந்தப் பக்கம் வரிசையின் தலைமாட்டில் ஒரு பஸ். பின்னால் பள்ளம். ஜெபராஜ் காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னைக்கு மேட்டுல நிப்பாட்டி, பின்னால உருளாம எடுத்துட்டீயன்னா நாளைக்கு உங்கள டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. உருண்டுச்சுன்னா அடுத்த தேதிதான்." அடுத்த தேதி என்றால் மகள் செண்பகத்துக்கு வளைகாப்பு முடிந்த பிறகு. அதற்கு அப்புறம் லைசென்ஸ் வாங்கி என்ன, உப்புப் போட்டு நக்கவா? முதல் பிரசவம் பெற்றவள் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பெற்றவன் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் கோமதிநாயகம் போனில் என்ன சொன்னார்? "உங்களுக்கு எதுக்குச் சிரமம் சம்பந்தி, ஏசி கார்ல நானே பிள்ளையக் கொண்டாந்து எறக்கிருதேன்." எறக்கிருதேன். கோதுமை மூட்டையா அவள்? அன்றைக்குச் சாயங்காலமே ஆவுடையப்பன் தென்காசியில் ஒரு பழைய நீலக் காரை விலை பேசி முடித்துவிட்டார். ஓட்டத் தெரியாததால் வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். அது அங்கேயே நிற்கிறது. மனைவி தங்கபுஷ்பம் அதன் தலையில் துணி விரித்து மோர் மிளகாய் காயப்போடுகிறாள். "வாடகைக் கார் பிடிச்சா முடிஞ்சு போச்சு, இதுக்குப் போயி அறுபது வயசுக்கு மேல..." என்று அவள் இழுத்தாள். காரணத்தைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. கோமதிநாயகத்தின் வீட்டு வாசலில் தன் காரைத் தானே கொண்டுபோய் நிறுத்தி, மகளை ஏற்றி, கதவைச் சாத்த வேண்டும். எப்படிச் சாத்துவது என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தார். பூப்போல. சத்தமே கேட்காது. கோமதிநாயகம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் கேட்காது.

கேட் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இறங்கி வேறு இடம் பார்த்துப் போயேன் சனியனே, அபசகுனமாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு. ஒரு பெண்பிள்ளை கொய்யாப்பழக் கூடையோடு ஜன்னலோரம் வந்தாள். வேண்டாம் என்று சொல்லக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் போய்விடுமோ என்று பயந்து, அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி ஆஃபில் இருக்கிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இடது முழங்கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மில்லில் பெல்ட் லூசானால் இப்படித்தான் ஆடும். என்ன செய்ய, இதுவும் பழசு. எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தபோதும் இப்படித்தான் ஆடியது. நாலாம் வகுப்போடு நின்றவரைப் பிடித்துக் கேள்வி கேட்டது அந்தப் பெட்டி. 'குறுகிய பாலத்தில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?' நாற்பது வருஷமாகப் பார்க்கிறாரே, தெரியாதா? ஹாரனை அடித்துக்கொண்டு முந்திப் போக வேண்டும். தவறு என்றது பெட்டி. 'முன்னால் போகிற வண்டியை எந்தப் பக்கம் முந்த வேண்டும்?' இடம் கிடைக்கிற பக்கம். தவறு. 'மஞ்சள் விளக்கு எரிந்தால்?' வேகமாகப் போக வேண்டும். தவறு. அன்றைக்கு ஃபெயில். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்ததில் சூட்சுமம் பிடிபட்டது. ஊரில் எதை ஒருத்தனும் செய்வதில்லையோ அதுதான் சரியான விடை. அடுத்த முறை அப்படியே அமுக்கிக்கொண்டு வந்தார், பாஸ். ஆனால் அந்தப் பெட்டி போட்டோ பிடித்ததே ஒன்று, பாதிக் கண் மூடி, வாய் திறந்து, பிணத்தைத் தூக்கி உட்கார வைத்த மாதிரி. அதையும் அவர் மறக்கவில்லை. ஜெபராஜ் செய்ததையும் மறக்கவில்லை. பழக வந்த புதிதில் குறுக்கே பாய்ந்த ஒரு செவலை நாயைப் பார்த்து வண்டி சட்டென்று நின்றது. வீட்டில் போய்த் தங்கபுஷ்பத்திடம், "என் கால் எப்படிப் பிரேக்குக்குப் போச்சுன்னு எனக்கே தெரியல, ஒரு உயிரக் காப்பாத்திட்டேன்" என்று சொன்னார். அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் வந்து கை கொடுத்தார். சில நாள் கழித்துக் கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார், ஜெபராஜின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச். "டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா ரெண்டு பக்கமும் இருக்கும்லா அண்ணாச்சி" என்றார் அவர், ரொம்ப சாதாரணமாக. அப்படியானால் நாயைக் காப்பாற்றியது யார்? இதுநாள்வரை ஓட்டியது யார்? இதை அன்றைக்கே சொல்ல வேண்டாமா? அந்த நாயை இப்போது தெருவில் பார்த்தாலும் அவருக்கு எரிச்சல் வருகிறது.

பின்னால் ஹாரன் கேட்டது. சாதாரண ஹாரன் இல்லை, இரண்டு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும், கூப்பிட்ட குரலுக்கு வேலைக்காரன் ஓடி வர வேண்டும் என்பது போல. இந்த ஹாரனை அவருக்குத் தெரியும். தலைதீபாவளிக்கு வாசலில் வந்து நின்று அடித்த அதே ஹாரன். மெதுவாகத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைத் திருப்பினார். வெள்ளைக் கார். உள்ளே கோமதிநாயகத்தின் மீசை. மீசைக்குப் பக்கத்தில் சொர்ணத்தம்மாள், சம்பந்தி அம்மாள். ஊரில் எத்தனை ரோடு இருக்கிறது, எத்தனை நேரம் இருக்கிறது, இந்த மனுஷனுக்கு இந்தக் கேட்தானா கிடைத்தது? கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினார், மீசை நடுவில் வருகிற மாதிரி. "அண்ணாச்சி, கண்ணாடி பின்னால என்ன வருதுன்னு பாக்கத்தான், மொறைக்கதுக்கு இல்ல" என்றார் ஜெபராஜ். மறுபடி ஹாரன். மூடிய கேட்டைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவரைக் கூட்டுறவு சங்கத்தில் எப்படிச் செயலாளராக வைத்திருந்தார்கள்? ஆனால் பயம் வேறு பக்கத்தில் இருந்து வந்தது. கேட் திறந்ததும் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டால் போதும், நேரே அந்த வெள்ளை மூக்கில்தான் போய் இடிக்கும். இடித்தால்? இடித்தால் என்ன என்று ஒரு நிமிஷம் இனிப்பாக இருந்தது. டொம்மென்று ஒரு சத்தம், கதவு சாத்தினதைவிடப் பெரிய சத்தம். அப்புறம் இனிப்பு போய்விட்டது. அதோடு வளைகாப்பு போச்சு. ஆயுசுக்கும் அந்த ஆள் சொல்லிக் காட்டுவார். பேரன் பிறந்தால் அவனிடமும் சொல்லுவார், உங்க தாத்தா பின்னாலேயே கார் ஓட்டுவார் என்று. பேரன் சிரிப்பான். ஆவுடையப்பனும் சிரிக்க வேண்டியிருக்கும். இப்படி அவர் இன்னும் பிறக்காத பேரனோடு கோபித்துக்கொண்டிருக்கும்போதே, பைக்குகள் இரண்டு பக்கமும் ஊர்ந்து வந்து முன்னால் அடைத்தன, ஒருத்தன் இவருடைய பானெட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போன் பார்த்தான். கண்ணாடியில் மீசையைக் காணோம். எங்கே போனார் என்று தேடுவதற்குள் வலது பக்கத்தில் உர்ரென்று வந்து நின்றது வெள்ளைக் கார். எதிர்வண்டி வர வேண்டிய பாதியில், கம்பியை முட்டிக்கொண்டு. இந்த ஊரில் கேட் மூடினால் அதுதான் வழக்கம், கெட்டிக்காரர்கள் வலது பக்கம் போய் நின்றுகொள்வார்கள். "நாமும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிடுவமா?" என்று ஆவுடையப்பன் கேட்டார். "நம்ம எடத்துல நிப்போம் அண்ணாச்சி. அது எதிர்ல வாரவன் எடம்." சரிதான். பெட்டிகூட அப்படித்தான் கேட்டது. யாரும் செய்யாததுதான் சரியான விடை.

வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. "அடடே, சம்பந்தியா! நான் யாரோ எல் போர்டு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கான்னுல்லா நினைச்சேன். கார் பழகுதீயளோ?" "ஆமா, சும்மா" என்றார் ஆவுடையப்பன். சும்மா என்று ஏன் சொன்னோம்? சும்மாவா? தூக்கம் கெட்டு, முழங்கால் கெட்டு, நாயிடம் கெட்ட பெயர் எடுத்து, இதெல்லாம் சும்மாவா? "நல்லதுதான். ஆனா மேட்டுல பாத்து, பின்னால உருட்டிராதீய. பழைய ஆளுக்கெல்லாம் இடது காலுக்கும் வலது காலுக்கும் பேச்சு வார்த்தை இருக்காது பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு கோமதிநாயகம் மீசைக்குள் சிரித்தார். சொர்ணத்தம்மாள் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, தங்கபுஷ்பம் மைனி சுகமா? சட்டை எல்லாம் நனைஞ்சிருக்கே, தண்ணி குடிங்க" என்றாள். "பிள்ளைய நானே கொண்டாந்து விட்டுருதேன் சம்பந்தி, நீங்க இதுல வந்து நிறைமாசப் பிள்ளையக் குலுக்கிராதீய" என்றார் கோமதிநாயகம். அப்போதாவது ஒரு பதில் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 'பெத்தவனுக்குத் தெரியும் பிள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு.' நல்ல பதில்தான், ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது செங்கோட்டை ரயில் கூவிக்கொண்டு வந்துவிட்டது. அவர் சொன்ன அத்தனையும் அந்தச் சத்தத்தில் போனது. கோமதிநாயகம் காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன என்று கேட்டார். மறுபடி சொல்ல முடியுமா? அது சோறு மாதிரி, ஆறினால் போச்சு. தடதடவென்று பெட்டிகள் போயின. ஜன்னலில் யாரோ இட்லி தின்றுகொண்டு போனார்கள். அவர்களுக்கென்ன, யாரோ ஓட்டுகிறான், உட்கார்ந்து தின்கிறார்கள். கடைசிப் பெட்டி போனதும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கியது. காக்கை பறந்தது. கம்பி மேலே போகத் தொடங்கியது. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் ஜெபராஜ். "நான் காலப் பின்னால இழுத்து வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க. உசுருக்கு ஆபத்துன்னாதான் தொடுவேன்."

ஸ்டார்ட் ஆனது. கிளச் உள்ளே. முதல் கியர். கைக்கு அது விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது, இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார், விழுந்திருந்தது. கிளச்சை மெள்ள மெள்ள விடணும், விட்டுக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் வண்டி மூக்கைத் தூக்கும், அங்கே நிறுத்தணும், கொஞ்சம் ஆக்சிலேட்டர், அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கணும். மந்திரம் மாதிரி மனப்பாடம். விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. பின்னால் அத்தனை ஹாரனும் சேர்ந்து அழுதன. வலது பக்கத்தில் யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நானும் சிரித்துவிடுவேன், பழக்கதோஷம். "ஒண்ணும் ஆகல அண்ணாச்சி, ஹாரன் அடிக்கவன் எல்லாம் ஒருநாள் ஆஃப் ஆக்குனவன்தான். மறுபடி எடுங்க." மறுபடி. கிளச். கியர். செண்பகம் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையல், குலுங்கினால் எல்லாம் சத்தம் போடும். சத்தம் போடக் கூடாது. ஒரு வளையல்கூடச் சத்தம் போடக் கூடாது. கால் அதுபாட்டுக்கு மெதுவாக எழுந்தது. வண்டி மூக்கைத் தூக்கியது, பசுமாடு எழுந்திருக்கிற மாதிரி. அங்கே நிறுத்து. கொஞ்சம் மிதி. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். பின்னால் போகவில்லை. ஒரு விரல் அளவுகூடப் போகவில்லை. முன்னால் போயிற்று. எதிரே இவருடைய பாதியில் வந்து அடைத்திருந்த பைக்குகள் மீன் மாதிரி இடுக்கில் நெளிந்து விலகின. தண்டவாளம் தடக் தடக் என்று காலுக்கடியில் போனது. ஓரக்கண்ணால் ஜெபராஜின் காலைப் பார்த்தார். சீட்டுக்கடியில், செருப்பை விட்டுவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று போட்டு வைத்திருந்தார். பிரேக் தனியாகக் கிடந்தது. அப்போதுதான் தெரிந்தது, வெள்ளைக் கார் தன்னோடு வரவில்லை. அது எப்படி வரும்? அதற்கு எதிரே பஸ். மூக்கோடு மூக்கு. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ பெரிசு, இது ஒம் பாட்டன் ரோடா? பின்னால எடுவே!" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் எடுக்க வேண்டுமானால் அந்த மேட்டில், பின்னால் அடைத்து நிற்கிற பைக்குகளையும் தக்காளி வண்டியையும் தாண்டி, பள்ளத்தைப் பார்த்து உருட்ட வேண்டும். தண்டவாளத்தைத் தாண்டி வந்து இடது ஓரத்தில் இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினார் ஆவுடையப்பன். தானாக நிறுத்தினார், யாரும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில வந்துருங்க அண்ணாச்சி, டெஸ்ட்டுக்குப் போவோம்" என்றார் ஜெபராஜ். "போவோம். இப்ப இரி. அவரு வரட்டும்." "யாரு?" "எங்க சம்பந்தி."

இப்போது சொல்லியே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. இவ்வளவு பேர் முன்னால், இவ்வளவு தெளிவாக நடந்த பிறகு, வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு சம்பந்தி' என்று சொல்லாமல் எப்படிப் போவார்? பெருந்தன்மையாக என்ன பதில் சொல்வது என்று தயார் செய்துகொண்டார். 'அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்.' வேண்டாம், மறந்துவிட்டேன் என்றால் சும்மா விட்டது போல் ஆகிவிடும். 'பரவாயில்ல' மட்டும் போதும். அதுவும் இரண்டாம் தடவை சொன்ன பிறகு. ஜெபராஜ் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். பஸ் போயிற்று. தக்காளி வண்டி போயிற்று. தக்காளி வண்டிக்காரர் போகிறபோதும் யாரையோ வைதுகொண்டே போனார். அப்புறம் வெள்ளைக் கார் வந்தது, மெதுவாக, களைத்துப்போய். ஆவுடையப்பன் முகத்தைச் சரி செய்துகொண்டு கையை ஜன்னலில் வைத்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. கோமதிநாயகம் நேரே பார்த்துக்கொண்டு, கழுத்தில் சுளுக்குப் பிடித்தவர் மாதிரி, போய்விட்டார். சொர்ணத்தம்மாள் மட்டும் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அவள் ஆட்டி என்ன ஆகப்போகிறது? "கிளம்புவமா அண்ணாச்சி, அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு." கிளம்ப மனசில்லை. ரோட்டின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வந்தாலும் வரலாம். இன்ஜினைப் போட்டபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெபராஜ் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிட்டு, "இப்பப் பேசுங்க" என்றார். செண்பகம். "அப்பா, அத்தை இப்பதான் போன் பண்ணாக. மாமா வண்டியில ஏதோ சத்தம் வருதாம், தூரத்துக்கு எடுக்க முடியாதாம். வளைகாப்பு அன்னைக்கு நீங்களே வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு மாமா சொல்லச் சொன்னாகளாம்." "என்ன சத்தம்?" "தெரியலப்பா. நீங்க ஓட்டிருவியளா? எனக்கு ஒண்ணும் பயமில்ல." "ஓட்டிருவேன். அவரு வேற ஒண்ணும் சொல்லலையா?" "வேற என்னப்பா சொல்லணும்?" "ஒண்ணுமில்ல, வையி." போனைப் பைக்குள் போட்டார். ஜெபராஜ் சிரித்துக்கொண்டே, "பிறவென்ன, நினைச்சது நடந்துட்டுல்லா?" என்றார். "எது நடந்துது? வண்டியில சத்தம் வருதாம். வண்டி என்ன தப்பு செஞ்சுது? வண்டிமேல பழியப் போட்டுட்டு ஏசியில போறாரு. வாயத் தொறந்து சொன்னாரா?" "சொல்லல." "பாத்தியா?" என்றார் ஆவுடையப்பன். இனி வளைகாப்பு அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும், சொல்கிறவரை நிற்க வேண்டும். கண்ணாடியை ரோடு தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். பின்னால் வண்டி எதுவும் இல்லை. சாவியைத் திருப்பி, முதல் கியரைப் போட்டார்.